வர வேண்டிய மொய்

6-5-56, ஞாயிறு

இன்று மூன்று கல்யாணம். உள்ளூர் விழிதியூரில் ஒன்று, நெரவியில் ஒன்று, அம்பகரத்தூரில் ஒன்று. மொய் முறையே இரண்டு, இரண்டு, மூன்று ரூபாய். அம்பகரத்தூரில் மூன்று எழுதக் காரணம், பஸ் தவறி, பந்தி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தேன். சாப்பிடாமல் மூன்று எழுதினால் மதிப்பாக இருக்கும் என்று தோன்றிற்று. என் பெண்சாதி தையல்நாயகி இதைக் கேட்டுவிட்டு, "சாப்பிடாதவரு குறைச்சு எழுதணுமா, கூட்டி எழுதணுமா?" என்றாள். யோசித்தேன். அவள் சொல்வது சரி.

மேரி என்கிற பிரஞ்சு நகராட்சி ஆபீஸில் கல்யாணப் பதிவேடு என் பொறுப்பு. பிறப்பும் இறப்பும்கூட. இந்தக் கொம்யூன் வட்டாரத்தில் எந்த ஊரில் எவன் தாலி கட்டினாலும் மறுநாள் என் மேஜைக்கு முன் வந்து நிற்க வேண்டும். அதனால் எல்லோரும் எனக்குப் பத்திரிகை வைக்கிறார்கள். முப்பது வருஷமாக இதுதான் நடக்கிறது. பிரஞ்சுக்காரன் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது, பத்திரிகை மட்டும் குறையவில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை, ஆகவே பதிலுக்குப் பத்திரிகை வைக்க வழியில்லை. ஆனாலும் மொய் நோட்டு தவறாமல் எழுதி வருகிறேன். யார், எந்த ஊர், என்ன விசேஷம், எவ்வளவு. கொடுத்த மொய் என்றைக்காவது திரும்பி வரும். எப்படி வரும் என்று இதுவரை யோசித்ததில்லை.

24-5-56

மருதையன் இறந்துவிட்டான். எங்கள் மேரி பியூன். தபால் கட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. வயது ஐம்பத்தொன்று.

இறப்புப் பதிவேட்டில் நான்தான் எழுதினேன். தகவல் கொடுத்தவர் என்ற இடத்திலும் என் பெயர்தான். அவன் பெயர் மேல் மசி கொட்டிவிட்டது. முப்பது வருஷத்தில் இது முதல் தடவை.

தினமும் பத்து மணிக்கு எனக்குத் தேத்தண்ணி வாங்கி வருவான். இன்றும் பத்து மணிக்கு வாசலைப் பார்த்தேன்.

10-6-56

மருதையன் பெண்சாதி ராஜம் வந்தாள். அதுவும் பிள்ளை இல்லாத வீடு. துணியில் சுற்றி ஒரு நோட்டு கொண்டுவந்திருந்தாள். மருதையனின் மொய் நோட்டு. நான்தான் அவனுக்கு எழுதப் பழக்கிவிட்டேன்.

"இவரு ஊருக்கெல்லாம் எழுதினது இதில இருக்குன்னு சொல்லுவாருங்க. எவ்வளவுன்னு கூட்டிச் சொல்லுங்க அண்ணே. வாடகை மூணு மாசம் நிக்குது."

கூட்டினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் எட்டணா. கீழே இரண்டு கோடு போட்டுக் கொடுத்தேன்.

"போய்க் கேக்கலாம்தானுங்களே?" என்றாள். கேட்கலாம் என்றேன்.

17-6-56

ராஜம் நான்கு வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

முதல் வீட்டில், "விசேஷம் வைங்க, வந்து செய்யறோம்" என்றார்களாம். இரண்டாவது வீட்டில், "அது மருதையன் எழுதின மொய். அவருதான் இல்லையே" என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது வீட்டில் உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, அரை மரக்கால் நெல் அளந்தார்கள். அது தருமம், மொய் இல்லை. நான்காவது வீட்டில் கல்யாண வேலை நடந்துகொண்டிருந்தது. வாசலிலேயே நிறுத்தி, "இப்ப எதுக்கு இங்க வந்தே?" என்றார்களாம்.

ஆக மொத்தம் அரை மரக்கால் நெல்.

புருஷன் போனவளுக்கு என்ன விசேஷம் வரும்? பிள்ளையும் இல்லை. அவளுக்கு எவனும் பத்திரிகை வைக்கமாட்டான், அவளும் எவனுக்கும் வைக்க முடியாது. மருதையன் போன அன்றைக்கே அந்த நோட்டும் போய்விட்டது. இது தெரியாமல் நான் இரண்டு கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

18-6-56

எங்கள் நோட்டைக் கூட்டினேன். வர வேண்டியது 1,184 ரூபாய். கீழே கோடு போடவில்லை.

3-7-56, செவ்வாய்

வீட்டுக்காரர் அப்துல் லத்தீப் மரைக்காயர் வந்தார். பத்தொன்பது வருஷமாக இந்த வீட்டில் குடியிருக்கிறோம். வாடகை கேட்டு ஒரு தடவை வந்ததில்லை. ஆகவே இது வேறு விஷயம் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"நம்ம பொண்ணு சஃபியாவுக்கு நிக்காஹ் பேசியாச்சு அண்ணே. வர்ற நோன்புப் பெருநாள் கழிச்சு வச்சிருக்கோம்" என்றார். சந்தோஷம் என்றேன். அவர்களில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். புது வீட்டுக்குச் சுவர் எழும்பி நிற்கிறது, மேலே ஓடு இல்லை. நாங்கள் இருக்கும் வீட்டை விற்றால்தான் ஓடு ஏறும்.

"வெளியாளு ரெண்டாயிரத்துக்குக் கேக்குறாரு. நீங்க எடுத்துக்கிறதா இருந்தா ஆயிரத்து எண்ணூறு. மாசிக்குள்ள சொல்லுங்க. அதுக்கு மேல எனக்குத் தாங்காது."

போன வருஷப் புயலில் பறந்த ஓட்டை நான்தான் என் செலவில் போட்டேன். எட்டு ரூபாய். அதை விலையில் கழிப்பீர்களா என்று கேட்கத் தோன்றிற்று. நல்ல வேளை, கேட்கவில்லை.

அவர் போன பிறகு, "ரெண்டு பேருக்கு எதுக்குச் சொந்த வீடு?" என்று தையல்நாயகியிடம் சொன்னேன்.

"ரெண்டு பேரா இருக்கிற வரைக்கும் எதுக்கு? ஒருத்தி ஆனப்புறம்தான் வேணும்" என்றாள். சொல்லிவிட்டு எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

ராஜம் வாடகை வீட்டைக் காலி செய்து அண்ணன் வீட்டில் இருக்கிறாள். மாட்டுக்கொட்டகையை ஒட்டினாற்போல் ஓலை இறக்கின ஒரு சார்ப்பு. தையல்நாயகி நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

8-7-56

போஸ்டாபீஸ் புத்தகத்தில் 640 ரூபாய்.

முப்பது வயதில் சேர்த்ததை அப்பாவின் காரியம் தின்றது. நாற்பது வயதில் சேர்த்தது வைத்தியத்துக்குப் போயிற்று. பிள்ளைக்காகத் தஞ்சாவூர் வைத்தியர், நாகப்பட்டணம் வைத்தியர், கடைசியில் காரைக்காலில் ஒரு வெள்ளைக்கார டாக்டர். அந்த டாக்டர் மட்டும் பணம் வாங்கவில்லை, "போய் நிம்மதியாக இருங்கள்" என்றார். ஐம்பதுக்கு மேல் சேர்த்தது இது.

சம்பளம் தொண்ணூற்றிரண்டு. எப்படிப் பார்த்தாலும் மாசிக்குள் ஆயிரத்து எண்ணூறு வராது. நோட்டில் இருக்கும் 1,184-ஐச் சேர்த்தால் வரும்.

20-8-56

இன்சூரன்ஸ் ஏஜெண்டு வந்தார். நான் செத்தால் தையல்நாயகிக்கு ஆயிரம் ரூபாய் வருமாம். கேட்க நன்றாக இருந்தது. பாரத்தை எடுத்து, "வயசு என்னங்க?" என்றார்.

எனக்கு இரண்டு வயது இருக்கிறது. ஜாதகப்படி துர்முகி வருஷம் தை மாதம் பிறந்தவன், இந்தத் தையில் அறுபது பூர்த்தி. ஆபீஸ்படி 1903-இல் பிறந்தவன், ஐம்பத்து மூன்று. மேரி வேலைக்கு இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி. எனக்கு அப்போது இருபத்தெட்டு. அப்பா நான்கு சாட்சியைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போய் ஆறு வருஷத்தைக் குறைத்துப் பத்திரம் வாங்கிவிட்டார். மூன்று குறைத்தால் போதும். வந்ததுதான் வந்தோம் என்று ஆறாகக் குறைத்தார்.

ஐம்பத்து மூன்று என்று சொன்னால் பொய், பின்னால் பணம் கொடுக்கமாட்டார்கள். அறுபது என்றால் பாலிசியே கொடுக்கமாட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தன் வயதை யோசித்துச் சொல்கிற ஆளை அவர் பார்த்ததில்லை போல. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

2-9-56

நோட்டுப் பணம் திரும்பி வர ஒரு விசேஷம் வேண்டும். வீடு வாங்கிப் பால் காய்ச்சினால் அது விசேஷம், மொய் வரும். மொய் வந்தால்தான் வீடு வாங்கலாம். வீடு வாங்கினால்தான் மொய் வரும்.

இதைத் தையல்நாயகியிடம் சொன்னேன். "அப்ப மொய் வர்ற வரைக்கும் பாலைக் காய்ச்சிக்கிட்டே நிக்கவா?" என்றாள்.

9-9-56, ஞாயிறு

அவள்தான் சொன்னாள். காய் அரிந்துகொண்டே, ஒன்றுமே இல்லாத மாதிரி.

"இந்தத் தையில உங்களுக்கு அறுபது. அறுபதாம் கல்யாணம் வைங்க."

யோசித்தால் எங்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே விசேஷம் அதுதான். காதுகுத்து இல்லை, சடங்கு இல்லை, வளைகாப்பு இல்லை, பிள்ளை கல்யாணம் இல்லை. முப்பது வருஷம் ஊரார் பிள்ளைகளுக்கு எழுதினதைத் திரும்ப வாங்க இந்த ஒரு நாள்தான் இருக்கிறது. இதை விட்டால் மருதையன் நோட்டுதான்.

ஆனால் ஆபீஸில் எனக்கு ஐம்பத்து மூன்று. ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அறுபது என்று ஊரைக் கூட்டிச் சொன்னால் அந்த இரண்டு வருஷம் போய்விடும். தொண்ணூற்றிரண்டைப் பெருக்கிப் பார்த்தேன். வீட்டு விலையைவிட அதிகம் வருகிறது. ஐம்பத்தைந்துக்கு மேல் வாங்கின சம்பளத்தையும் திருப்பிக் கட்டச் சொன்னால் என்ன செய்வது?

"முடியாது" என்றேன்.

15-9-56

அவள் பேசவில்லை.

16-9-56

இன்னும் பேசவில்லை. மற்றபடி சாப்பாடு வழக்கம்போல.

22-9-56

பேசிவிட்டாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

"உங்களுக்கு உத்தியோகம் ரெண்டு வருஷம். எனக்கு அதுக்கப்புறம் எத்தனை வருஷம்னு கணக்குப் போட்டீங்களா? உங்களைவிடப் பதிமூணு வயசு சின்னவ நான். எங்க போய்ப் படுப்பேன்? ராஜத்துக்கு அண்ணன் இருக்கான், சார்ப்பு இருக்கு. எனக்கு யாரு இருக்கா?"

நான் பதிவேட்டுல எத்தனை விதவைங்க பேரை எழுதியிருக்கேன். "பிழைத்திருக்கும் மனைவி" அப்படீன்னு ஒரு கட்டம். அதுக்கு மேல எங்க பிழைக்கிறா, எப்படிப் பிழைக்கிறான்னு கட்டம் கிடையாது. முப்பது வருஷத்துல ஒருநாள் நினைச்சுப் பாத்தேனா? இல்லை. பயமா இருக்கு. உத்தியோகம் போயிடுமோன்னு ஒரு பயம், இவ சொல்றது நடந்துடுமோன்னு இன்னொரு பயம். ரெண்டுல எது பெரிசுன்னு எனக்கே தெரியுது. அதான் எரிச்சல்.

11-10-56

மேரிக்குப் புது ஆபீசர் வந்திருக்கிறார். தெட்சிணாமூர்த்தி, மாயவரத்துக்காரர், வயது முப்பத்திரண்டு. எல்லோரையும் "மிஸ்டர்" போட்டு அழைக்கிறார். மேரி என்று சொல்வதில்லை, "முனிசிபல் ஆபீஸ்" என்கிறார். கடிகாரத்தைப் பார்த்துத்தான் தண்ணீர் குடிக்கிறார்.

எல்லோருடைய சர்வீஸ் புத்தகத்தையும் வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார். நல்ல காலம் பார்த்து வந்தார்.

14-11-56

தீபாவளி போனஸ் இல்லை. ஐப்பசி மழை. பின்கட்டில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. பாத்திரம் வைத்துவிட்டு, இந்த வீட்டுக்கா ஆயிரத்து எண்ணூறு என்று கேட்டேன். "ஒழுகினாலும் நம்ம தலையில ஒழுகட்டும்" என்றாள்.

அறுபதாம் கல்யாணம் வைக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் முகத்தைப் பார்த்தபோது இதை செப்டம்பரிலேயே சொல்லியிருக்கலாம் என்று இருந்தது.

2-1-57

காரைக்காலில் பத்திரிகை அச்சடித்து வந்தது. இருநூற்று எண்பது. நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர் எழுதினேன். நாற்பத்தொரு பேர் இறந்துவிட்டார்கள். எல்லாம் என் கையால் பதிவு செய்ததுதான், இருந்தாலும் இத்தனை பேர் என்று இன்றுதான் தெரிந்தது. அவர்கள் பிள்ளைகளுக்கு வைப்போம். மலாயா போனவர்கள் பன்னிரண்டு. சைகோன் போனவர்கள் ஆறு. இவர்களை வசூலாகாதது என்று தனியாக எழுதினேன்.

ஆபீசருக்கு வைப்பதா வேண்டாமா? வைக்காவிட்டால் அவமரியாதை. வைத்தால் வாக்குமூலம்.

7-1-57

வைத்தேன். வெற்றிலைபாக்கு, பழத்தோடு தட்டில் வைத்து நீட்டினேன். அவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். படித்தார். அலமாரியைத் திறந்து என் சர்வீஸ் புத்தகத்தை எடுத்தார். அதையும் படித்தார்.

"மிஸ்டர் நீலமேகம், இதில ஐம்பத்து மூணு போட்டிருக்கு."

"ஜாதகத்தில அறுபதுங்க."

"கவர்ன்மெண்டு ஜாதகம் பார்க்கிறதில்லை."

"தெரியுங்க."

சர்வீஸ் புத்தகத்தை மூடினார். "பந்தி எத்தனை மணிக்கு?" என்றார். பதினொன்று என்றேன். பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் சர்வீஸ் புத்தகத்தை அலமாரியில் திரும்ப வைக்கவில்லை. மேஜை மேலேயே இருந்தது.

31-1-57, வியாழன், தை 18

முடிந்தது. ஞாபகம் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

இரண்டாம் தடவை தாலி கட்டினேன். முதல் தடவை கட்டினபோது எனக்கு ஒன்றும் தெரியாது. தையல்நாயகி தலையைக் குனிந்துகொண்டே, "கெட்டியா முடிச்சுப் போடுங்க, பத்திரப்பதிவு வரைக்கும் தாங்கணும்" என்று மெல்லச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படம் எடுக்கிறவன் அதைத்தான் எடுத்திருக்கிறான்.

பந்தல் வாசலில் மேஜை போட்டு மொய் எழுதினார்கள். ஒவ்வொரு பெயரும் உரக்கக் கூப்பிடும்போது என் மொய் நோட்டின் பக்கம் மனசுக்குள் புரண்டது. 1931-இல் நான் இரண்டு ரூபாய் எழுதினவர் இன்று இரண்டே ரூபாய் எழுதினார். இருபத்தாறு வருஷம் சும்மா வைத்திருந்தவர், நாலணாவாவது சேர்த்திருக்கலாம். வேட்டக்குடிக்காரர் ஒருவர் என் நோட்டிலேயே இல்லை, ஆனால் பதினொரு ரூபாய் எழுதினார். கேட்டால், "எம் பொண்ணு கல்யாணத்தைப் பதிய வந்தப்ப, பேரைத் தப்பா எழுதாம ரெண்டு தடவை கேட்டு எழுதினீங்க" என்கிறார். இரண்டு பேர் சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அதில் ஒன்று ஓடுகிறது.

ஆபீசர் பதினொன்றுக்கு வந்தார். சாப்பிட்டார், பாயசம் இரண்டு தடவை வாங்கினார். ஐந்து ரூபாய் மொய் எழுதினார். பிறகு சட்டென்று எங்கள் இரண்டு பேர் காலிலும் விழுந்தார். தீர்க்காயுசு என்று சொல்லி அட்சதை போட்டேன். வேறு என்ன சொல்வது?

ராஜம் கொல்லைப்புறமாக வந்தாள். முன்பக்கம் வரமாட்டேன் என்றுவிட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு ரூபாய் எடுத்தாள். அவள் கல்யாணத்துக்கு நான் எழுதின மொய். "அவரு நோட்டில வந்த மொய்யின்னு தனியா எழுதியிருந்திச்சுங்க. திருப்பாம இருக்கக் கூடாதில்ல" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தையல்நாயகி என் கையை அழுத்திவிட்டு, அவளே வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மொய்க்காரரிடம் கொண்டுபோய் எழுதச் சொன்னாள். "மருதையன் பெண்சாதி ராஜம், ரெண்டு ரூபா!" என்று பந்தல் முழுக்கக் கேட்டது. அவளுக்குப் பாக்கி வைத்திருக்கிற இரண்டு பேர் பந்தியில் இருந்தார்கள். இலையைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

மொத்தம் 962 ரூபாய். 1,184-க்கு இது மோசமில்லை.

1-2-57

ஆபீசர் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார்.

"நேத்துச் சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துது. நான் விருந்துக்குத்தான் வந்தேன், அறுபதாம் கல்யாணத்துக்கு வரலை. ஆனா பாத்ததைப் பாக்கலைன்னு சொல்ல முடியாது."

இரண்டு தாள் வைத்திருந்தார். ஒன்றில் அவர் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய ரிப்போர்ட், வெறும் தலைப்பு மட்டும் போட்டிருந்தது. இன்னொன்று வெள்ளைத்தாள். வெள்ளைத்தாளில் நானே உடல்நிலை சரியில்லை, விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் பென்ஷன் உண்டு. பழைய சம்பளத்தை யாரும் கேட்கமாட்டார்கள். ரிப்போர்ட் போனால் எது நடக்கும் என்று அவருக்கே தெரியாதாம்.

"எப்ப வேணுங்க?" என்றேன்.

"பத்து மணிக்குள்ள."

எழுதிக் கொடுத்தேன். மசி கொட்டவில்லை. தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார். கடிகாரத்தில் சரியாகப் பத்து.

நேற்றுக் காலில் விழுந்த மனிதர். கோபம் வர வேண்டும், வரவில்லை. நான் அவர் நாற்காலியில் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். விருந்துக்குப் போயிருக்கமாட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

10-2-57, ஞாயிறு

லத்தீப் வீட்டுக்குப் பணம் கொண்டுபோனோம். விருந்துச் செலவு 225 போக மொய்யில் நின்றது 737. போஸ்டாபீஸ் 640. ஆக 1,377. நானூற்று இருபத்து மூன்று குறைகிறது. அவள் கழுத்துச் சங்கிலியை விற்கலாம் என்று வழியில் சொன்னேன். தையல்நாயகி, "நடங்க, பாத்துக்கலாம்" என்றாள்.

லத்தீப் எண்ணி முடித்தார். அதற்குள் அவர் பீவி சுல்தான் பீவி உள்ளேயிருந்து ஒரு பிஸ்கோத்து டின்னைக் கொண்டுவந்து கதவோரம் வைத்தார். "இது தையல்நாயகி அக்காவோட அமானிதம், நம்பி எங்கிட்டக் கொடுத்து வச்சது. எண்ணிக்கச் சொல்லுங்க."

இருநூற்று எண்பத்தெட்டு ரூபாய். மாதம் இரண்டு ரூபாய், பன்னிரண்டு வருஷம். பால் விற்ற காசு.

மாதம் பிறந்தால் முதல் வாரம் எருமை கறவை குறைத்துவிடும் என்று இவள் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிவந்தாள். நானும் நம்பி, வைக்கோல் மாற்றிப் பார்த்தேன், புண்ணாக்கு மாற்றிப் பார்த்தேன். ஒருமுறை மாட்டு வைத்தியனைக்கூடக் கூப்பிட்டேன்.

"போஸ்டாபீஸ்ல போட்டிருந்தா வட்டியாவது வந்திருக்குமே?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"போஸ்டாபீஸ்ல போட்டா உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிஞ்சா எவன் கல்யாணத்துக்காவது மொய்யாப் போயிடும்."

சுல்தான் பீவி கதவுக்குப் பின்னால் சிரித்தார். லத்தீப் முற்றத்தைப் பார்த்தார்.

மிச்சம் நூற்று முப்பத்தைந்து. "மாசம் பதினஞ்சாக் கொடுங்க அண்ணே. வட்டி நமக்குக் கூடாது. வாடகை கொடுத்த மாதிரியே இருக்கட்டும்" என்றார். அந்த எட்டு ரூபாய் ஓட்டுக் கணக்கை நான் எடுக்கவே இல்லை.

25-2-57

பத்திரம் பதிவாயிற்று. தையல்நாயகி பெயரில். ரிஜிஸ்திரார், "உங்க பேர்ல வேணாமா?" என்றார். வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். எனக்கு வயது சரியில்லை என்றேன்.

28-2-57

கடைசி நாள். பதிவேடுகளை ஒப்படைத்தேன். கல்யாணம், பிறப்பு, இறப்பு. முப்பத்தொரு வருஷம். ஒரே ஓர் இடத்தில்தான் மசிக் கறை.

9-4-57

புதுக்காசு வந்திருக்கிறது. ஓர் அணாவுக்கு ஆறு நயாபைசா, நாலணாவுக்கு இருபத்தைந்து. ஆறை நாலால் பெருக்கினால் இருபத்து நாலுதான் வருகிறது. மிச்ச ஒரு பைசா எங்கே போகிறது என்று கடைக்காரரிடம் கேட்டேன். பென்ஷன்காரருக்குப் பொழுது போகலை என்று சொல்லிவிட்டார்.

பென்ஷன் நாற்பத்தொரு ரூபாய். பதினைந்து லத்தீபுக்கு. வீட்டுக்காரர் ஆன பிறகு வாடகை மூன்று ரூபாய் ஏறியிருக்கிறது.

12-5-57

சஃபியா நிக்காஹ். புது வீட்டில் ஓடு ஏறியிருக்கிறது, எங்கள் பணம்தான் மேலே சிவப்பாக இருக்கிறது. பிரியாணி இல்லாத பந்தியாக எங்களுக்குத் தனியாகச் சமைத்திருந்தார்கள். தையல்நாயகி பட்டுப்புடவை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

3-8-57

ராஜம் வந்துவிட்டாள். அண்ணன் பெண்சாதி ஏதோ சொல்லியிருக்கிறாள், என்ன என்று கேட்கவில்லை. பின்கட்டு அறையில் இருக்கிறாள். சும்மா இருக்கமாட்டேன், வாடகை கொடுப்பேன் என்று ஒரே பிடிவாதம். மாதம் இரண்டு ரூபாய். முறுக்குச் சுற்றிப் பள்ளிக்கூட வாசலில் விற்கிறாள்.

தையல்நாயகி அதை வாங்கி நேரே சுல்தான் பீவியிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். ராஜம் பேருக்குத் தனி டின்னாம். ராஜத்துக்குத் தெரியாது. எனக்கும் தெரியக்கூடாதுதான், ஆனால் இந்தத் தடவை சொல்லிவிட்டாள்.

5-11-57

லத்தீபுக்குக் கடைசிப் பதினைந்து. கடன் தீர்ந்தது. ஒழுகல் தீரவில்லை.

19-6-58

மாயவரத்திலிருந்து பத்திரிகை. தெட்சிணாமூர்த்தியின் பெண்குழந்தைக்குக் காதுகுத்து. கவரின் மேல் "மிஸ்டர் நீலமேகம்" என்று எழுதி, அடித்துவிட்டு, "அய்யா அவர்களுக்கு" என்று எழுதியிருக்கிறார்.

ஐந்து ரூபாய்க்கு எவ்வளவு திருப்புவது? தையல்நாயகி பத்து என்றாள். பென்ஷனில் பத்தா என்றேன். "விருந்துக்கு வந்தவரு, நாமளும் விருந்துக்குப் போவோம்" என்றாள்.

29-6-58, ஞாயிறு

மாயவரம் போய் வந்தோம்.

வாசலில் மொய் மேஜை. எழுதுகிறவர் கண்ணாடி போட்ட கிழவர், என் தொழில்காரர் போல இருந்தார். பத்து ரூபாயை வைத்தேன்.

"பேரு?"

"தையல்நாயகி. காரைக்கால் விழிதியூர்."

நிமிர்ந்து பார்த்தார். "உங்க பேருங்க?"

"நீலமேகம். ஆனா மொய் அவங்க பேர்ல எழுதுங்க."

"பொம்பளை பேர்ல எழுதற வழக்கம் இல்லீங்களே. ஆம்பளை பேர்ல இருந்தாத்தானே நாளைக்கு நாங்க வந்து செய்யத் தோதா இருக்கும்?"

"நாளைக்கு நான் இருக்கமாட்டேன். இவங்க இருப்பாங்க. வீடும் இவங்க பேர்லதான் இருக்கு. விலாசம் எழுதிக்குங்க."

கிழவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு தெட்சிணாமூர்த்தியைப் பார்த்தார். அவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். "அய்யா சொல்றபடி எழுதுங்க. அவரு பதிவு தப்பாது" என்றார்.

உரக்கக் கூப்பிட்டார்கள். பந்தலில் சில பேர் திரும்பிப் பார்த்தார்கள். தையல்நாயகி மட்டும் பார்க்கவில்லை, குழந்தைக்குக் காது குத்துகிற இடத்தில் அதன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழாதே அழாதே என்று சொல்லிக்கொண்டே, அது அழுவதற்கு முன்னாலேயே இவள் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு புது நோட்டு வாங்கினேன். ஐம்பது நயாபைசா. வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தில் அவள் பெயரை எழுத உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் நின்று, "மசி கொட்டிடாதீங்க" என்றாள்.

கொட்டவில்லை.